னுநயச ளுசை

வீட்டுக்குப் புதுக் கணினி வந்ததும் அதை எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி எழுந்தது. மனைவி தையல் மெஷினைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், இடத்தைச் சொல்லிவிட்டாள். விவகாரம் முடிந்தது. மின்னஞ்சலை எதில் படிப்பது என்ற அடுத்த கேள்வியில்தான் வீடு தலைக்கொரு கட்சியாகப் பிரிந்தது.

மகனுடையது பிரவுசர் கட்சி. "2004 ஏப்ரல் முதலாந் திகதி ஜிமெயில் வந்தப்ப, ஒரு ஜிபி எடம் சும்மா தர்றாங்கன்னதும் ஆளுங்க ஏப்ரல் ஃபூல்னு நெனைச்சாங்களாம். இப்ப 15 ஜிபி. இன்னும் என்னாப்பா வேணும் ஒங்களுக்கு?" போன் இருக்கக் கணினி எதற்கு என்பது மகளின் கட்சி. வாட்ஸ்அப் இருக்க மின்னஞ்சலே எதற்கு என்பது மனைவியின் கட்சி. கணினி விற்ற மாவனல்லைக் கடைத் தம்பியோ, "விண்டோஸோட அவுட்லுக் வருதுதானே சேர்" என்று முடித்துக்கொண்டார்.

என் கட்சி தண்டர்பேர்ட். மொசில்லாக்காரர்கள் 2004 டிசம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டு, இன்று வரை இலவசமாகத் தருகிறார்கள். கடிதங்களை அது நம் வீட்டுக் கணினிக்கே இறக்கி வைத்துக்கொள்ளும். இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அவர்கள் லயத்தில் பிறக்கவில்லை.

நான் பிறந்தது இறப்பர் தோட்டத்து லயத்தில். காம்பராவுக்கு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். தபால் பை நேரே ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து கடிதம் நம் கைக்கு வருவது கிளாக்கரய்யாவின் மனம் இரங்குவதைப் பொறுத்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு, கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்த பெரியப்பா, நீல நிற ஏரோகிராமில் எழுதுவார். பெரட்டில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கும்போதே அதன் ஓரம் பிரிந்திருக்கும். கோத்தகிரிக் குளிரில் பெரியப்பாவுக்கு மூட்டுவலி என்பது அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே கங்காணிக்குத் தெரியும். "அண்ணனுக்குக் காலு எப்படி இருக்கு?" என்று அவர் விசாரித்த பிறகுதான் அப்பா கடிதத்தையே பிரிப்பார்.

மின்னஞ்சலிலும் இதே வழக்குத்தான். ஐமேப் முறையில் கடிதம் ஆபீசிலேயே இருக்கும். போனிலிருந்தோ கணினியிலிருந்தோ நாம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். பாப் முறையில் கடிதம் வீட்டுக்கே வந்துவிடும். வேண்டாமென்றால் ஆபீசில் பிரதிகூட மிஞ்சாது. 1988இல் ஸ்டீவ் டோர்னர் என்ற அமெரிக்கர் ஒரு மின்னஞ்சல் மென்பொருள் எழுதி, அதற்கு யூடோரா என்று பெயர் வைத்தார். தபாற்கந்தோரிலேயே குடியேறிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய யூடோரா வெல்டியின் பெயர் அது. அன்றைக்கு அது வேடிக்கைக்கு வைத்த பெயர். இன்று என் மகன் உட்பட ஊர் முழுக்கத் தபாற்கந்தோரில்தான் குடியிருக்கிறது.

"இன்டர்நெட் இல்லாட்டியும் பழைய கடிதத்தைப் படிக்கலாமே" என்றேன்.

"2022ல பதிமூணு மணித்தியாலம் கரண்ட் இல்லாம கெடந்தோமே, அப்ப எதுல படிப்பீங்க?" என்றாள் மனைவி.

உடனே அடுத்த வாதத்துக்குத் தாவினேன். இரத்தினபுரியில் எனக்கொரு நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். பக்கம் பக்கமாக மின்னஞ்சல் எழுதுவார், அத்தனையும் பாமினி எழுத்துருவில். யூனிகோட் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்றால், "வெரலு அதுலயே பழகிப்போச்சு மாஸ்டர்" என்பார். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினிக்குள் உட்காருவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் இடத்தில் மட்டுமே அது அம்மா. பிரவுசரில் அது எம், கே, அரைப்புள்ளியாகவே நிற்கும். தண்டர்பேர்டிலோ ஆங்கில எழுத்துக்குரிய எழுத்துரு பாமினி என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். நண்பர் முழுசாகத் தமிழில் வந்து இறங்குவார்.

கூடவே வங்கியும் தமிழில் வந்து இறங்கியது. ஆங்கிலத்தில் 'டியர் சேர்' என்று மரியாதையாக எழுதியிருந்தது, என் திரையில் 'னுநயச ளுசை' என்று நின்றது. 'பேங்க்' என்பது 'டியமெ'. மகள் இதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இரண்டு நாள் என்னை னுநயச என்றே கூப்பிட்டாள்.

சிரிக்கட்டும். இதில் வழிப்பறிக்காரர்களிடமிருந்து ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கொழும்பு–கண்டித் தபால் கோச் வண்டி 1832இல் ஓடத் தொடங்கியது எங்கள் மாவனல்லை வழியாகத்தான். பிறகு அதே வீதியில் உத்துவன்கந்தை மலைக் கொள்ளைக்காரன் சரதியேல் வழிமறித்தான். 1864இல் அவனைக் கண்டியில் தூக்கிலிட்டார்கள். இந்தக் காலத்து வழிப்பறிக்காரர்கள் மலையேறி உட்கார்வதில்லை. தபால் திணைக்களத்தின் பெயரைப் போட்டு, 'உங்கள் பொதி நிற்கிறது, கட்டணம் செலுத்த இங்கே அழுத்தவும்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். என் கணினியில் அது புரிந்தால்தானே அழுத்துவதற்கு! எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது.

கரண்ட் பில்லும் அதே கோலத்தில்தான் வந்து கிடந்ததாம். சிவப்பு நோட்டீஸ் கையில் வந்த அன்று, வீட்டில் பிரவுசர் கட்சிக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைத்தது. மனைவியே கட்சி மாறிவிட்டாள். "அந்தப் பில்லு என் போன்ல தெரியவே இல்லையே, நீங்கதானே வீட்டுக்கு எறக்கிட்டு ஆபீசுல அழிச்சிட்டீங்க" என்றான் மகன்.

கடைசியில், ஆபீசில் ஒரு பிரதி இருக்கட்டும் என்று செட்டிங்கை மாற்றினேன். பில்லும் வங்கியும் வந்தால் அங்கேயே அவன் படித்துக் கட்டிவிடுவான். நண்பரின் கடிதத்துக்கும் அங்கே பிரதி இருக்கிறது, தாராளமாகத் திறந்து பார்க்கலாம். எம், கே, அரைப்புள்ளி.