மயாமி பீச் போட்ட மரக்காணத்துப் பையன்

ஐந்து வயதுப் பையனுக்குத் துணி எடுக்கக் கிளம்புகிறவர்கள், தெரிந்த ஆங்கிலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உடம்புக்கு நல்லது. நான் கையோடு கொண்டுபோய்விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஏறிய ரத்தக்கொதிப்பு இன்னும் இறங்கின பாடில்லை.

அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் என்று வந்துவிட்டால் தட்டு, பழம், மாலை எதற்கும் நான் அசந்தவனில்லை. தங்கம் விற்கிற விலையில் தோடுகூட அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. சட்டைதான் முடியவில்லை. மரக்காணம் கடைத்தெருவை அலசிவிட்டு நான், அக்கா, எட்டு வயது மருமகள், விழா நாயகன் என்று நால்வரும் திண்டிவனம் பஸ் ஏறினோம். கடையின் பெயர் வேண்டாம். நீங்கள் போகிற கடையும் அப்படித்தான் இருக்கும்.

முதல் மாடி முழுக்கப் பெண் குழந்தைகளுக்கு. பட்டுப்பாவாடை, லெஹங்கா, ஷராரா, அனார்கலி, கௌன், மிடி, ஃப்ராக், அந்த ஃப்ராக்கிலேயே குடை மாதிரி விரிவது, அடுக்கு வைத்தது, முதுகில் இறக்கை முளைத்தது. மருமகளுக்கு எதை எடுப்பது என்பதல்ல, எதை விட்டுவிட்டு வருவது என்பதுதான் சிக்கல். அதையும் ஒருவழியாகத் தீர்த்துவிட்டு, “பாய்ஸ் எங்கம்மா?” என்று கேட்டேன்.

“கீழ போயி, துண்டு, பெட்ஷீட்லாம் தாண்டி, லிஃப்டுக்குப் பின்னால சார்.”

ஆண் பிள்ளை பிறந்தால் தெருவுக்கே சர்க்கரை கொடுக்கிற ஊர் நம்முடையது. சர்க்கரை கரைவதற்குள் அவனை லிஃப்டுக்குப் பின்னால் அனுப்பிவிடுகிறோம்.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், லிஃப்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் கைக்கு வந்த சட்டையில் ‘மயாமி பீச்’ என்று எழுதியிருந்தது. எங்கள் பையன் கண் திறந்ததே கடலைப் பார்த்துத்தான். வாசலில் நின்று பந்தை ஓங்கி அடித்தால் வங்காள விரிகுடாவில் விழும், அடித்தும் இருக்கிறான், நான் போய் எடுத்தும் வந்திருக்கிறேன். அவனுக்கு எதற்கு இன்னொருவன் ஊர்க் கடற்கரை? அடுத்ததில் ‘கலிஃபோர்னியா சர்ஃப் கிளப்’. எங்கள் பக்கத்தில் அலைமேல் ஏறிப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னால் வலையோடு போகிறார்கள். அதற்கு யாரும் கிளப் என்று பெயர் வைத்ததில்லை. அதற்கடுத்தது ‘புரூக்ளின் 76’. எழுபத்தாறு என்றால் என்ன என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். வீட்டு எண்ணா, பஸ் எண்ணா, அந்த ஊர் வெயிலா? “டிசைன் சார்” என்றாள். அப்புறம் ‘சின்ஸ் 1987’. பையன் பிறந்தது கொரோனா காலத்தில். 1987இல் அவனுடைய அம்மாவுக்கே காது குத்தியிருக்கவில்லை. ‘அத்லெடிக் டிபார்ட்மெண்ட்’ என்று ஒன்று. மரக்காணத்தில் எனக்குத் தெரிந்த டிபார்ட்மெண்ட் மீன்வளத்துறையும் உப்புத்துறையும்தான். இரண்டிலும் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. இன்னொன்றில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க்’ என்று ஒரே முகவரியாக அச்சடித்திருந்தார்கள். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே கிட்டத்தட்ட நாலாயிரம் கிலோமீட்டர். திண்டிவனத்துக்கு வரவே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அக்கா, “யாருடா அதையெல்லாம் படிக்கிறாங்க, கலரப் பாரு” என்றாள். நான் படிக்கிறேனே! படிக்கத் தெரிந்த பாவத்துக்கு மேலே மேலே படித்துக்கொண்டே போனேன். பெண் குழந்தைகள் மாடியில் எழுதியிருந்ததெல்லாம் ‘ஏஞ்சல்’, ‘பிரின்சஸ்’. இங்கே ‘லிட்டில் மான்ஸ்டர்’, ‘ட்ரபிள் மேக்கர்’, ‘பேட் பாய்’. தேவதைக்குத் தம்பியாகப் பிறந்த குற்றத்துக்கு ஐந்து வயதிலேயே ரவுடிப் பட்டியலில் பெயர். நாளைக்கு ஆசாரி ஊசியோடு எதிரே வந்து உட்காரும்போது, ‘ஐ ஆம் யுவர் ப்ராப்ளம்’ என்று நெஞ்சில் எழுதியவனை எப்படி மாமன் மடியில் வைத்துப் பிடிப்பது? இன்னொரு சட்டையில், ‘டாட் சேஸ் நோ, ஆஸ்க் மாம்’. தாய்மாமனைக் கேட்கச் சொல்லி ஒரு சட்டைகூட இல்லை. இந்தியச் சந்தைக்கென்று தைக்கிறவர்களுக்கு இது தோன்ற வேண்டாமா? இந்நேரம் புரூக்ளினில் யாராவது ஒரு தாய்மாமன், எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களில் ‘கூனிமேடு பாய்ஸ் 76’ என்றும் ‘அனுமந்தை சர்ஃப் கிளப், சின்ஸ் 1987’ என்றும் எழுதின சட்டைகளைப் புரட்டிக்கொண்டு, “அனுமந்தைன்னா என்னம்மா?” என்று கேட்டுக்கொண்டிருப்பாரா? இருக்க மாட்டார். அதுதான் என் எரிச்சல்.

எழுத்து இல்லாத சட்டை வேண்டும் என்றேன். படம் வந்தது. சூப்பர்மேன் பிறந்தது 1938இல், பேட்மேன் 1939இல், ஸ்பைடர்மேன் 1962இல். மூவருமே முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டிய வயது. இன்னும் ஐந்து வயதுப் பையன்களின் நெஞ்சில்தான் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். படமும் வேண்டாம் என்றேன். மிலிட்டரி பச்சை வந்தது. காட்டில் ஒளிந்துகொள்வதற்கென்று கண்டுபிடித்த துணி அது. எங்கள் ஊரில் எந்தக் காடு? வெள்ளை வெளேரென்று உப்பளம். அதில் அந்தச் சட்டையோடு இறங்கினால் ஈசிஆர் ரோட்டில் போகிற பஸ்காரருக்குக்கூடத் தெரியும். நங்கூரம் போட்ட நீலக் கோட்டு ஒன்றும் இருந்தது. அந்தக் கதைக்கு விக்டோரியா மகாராணிதான் பொறுப்பு. 1846இல் தன் நாலு வயது மகனுக்கு மாலுமி உடுப்பு தைத்துப்போட்டு வின்டர்ஹால்ட்டர் என்கிற ஓவியரை வரையச் சொன்னார். அன்று பிடித்தது, உலகத்துப் பையன்கள் எல்லாம் கப்பலையே பார்க்காமல் நங்கூரம் சுமக்கிறார்கள். எங்கள் பையன் நங்கூரத்தைப் பார்த்திருக்கிறான். அது துருப்பிடித்திருக்கும், சேறு ஒட்டியிருக்கும், அதன் மேல் காக்கா உட்கார்ந்திருக்கும்.

வழியைச் சொல்கிறேன், இருங்கள். துரு என்றதும் இந்த ஜிப்பு விஷயம் நினைவுக்கு வந்துவிட்டது. பையன்களின் கால்சட்டையில் துணியைவிட உலோகம் அதிகம். தேவையில்லாத இடத்தில் ஜிப்பு, எதையும் மாட்டாத கொக்கி, தொடையில் தொங்கும் சங்கிலி. கடையில் தங்கமாக மின்னும். உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் போனால் பச்சைபூத்துவிடும். ஜிப்பு பாதியில் நின்றுவிடும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. பையன் அவசரம் என்று குதிப்பான். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி வாங்குவது கரண்டு போனால் ஏற்றுவதற்கல்ல, ஜிப்பில் தேய்ப்பதற்கு.

உப்பளத்துக்குப் போகிற பெண்கள் வெயிலுக்கும் உப்புக்கும் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். பருத்தித் துணி, முழுக்கை, பொத்தான், ஒரு பை. ஆண் உடுப்பால் உலகத்துக்கு ஏதாவது உபகாரம் நடந்திருக்கிறது என்றால் அதுதான். அப்படி ஒரு சட்டை ஐந்து வயது அளவில் இருக்கிறதா என்று கேட்டேன்.

“பிளெயினா? அப்ப யூனிஃபார்ம் செக்‌ஷன் போங்க சார்.”

சரியாகத்தான் சொன்னாள். பையன்கள் போடுகிறதிலேயே கண்ணியமான உடுப்பு சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற அந்த நாலு செட் சீருடைதான். அதில் புரூக்ளின் இல்லை, சங்கிலி இல்லை, யாரையும் மான்ஸ்டர் என்று திட்டவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் விழா நாயகனைக் காணோம். தேடினால் பெண்கள் மாடியில் ஒரு ஃப்ராக்கின் முன்னால் நிற்கிறான். ரோஸ் துணி, அதில் வரிசையாகப் பூநாரைகள். “மாமா, நம்ம ஏரி கொக்கு!” என்றான்.

அவன் சொன்னது நிஜம். எங்கள் ஊரை ஒட்டி இருக்கிற கழுவேலியைத்தான் சொல்கிறான். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல், அந்த ஏரி. பருவத்தில் பூநாரைக் கூட்டம் வந்து இறங்கும். அதன் நிறம் பிறவியில் வந்ததும் இல்லை. குஞ்சு சாம்பலாகத்தான் இருக்கும். உவர்நீரில் வளர்கிற பாசியையும் பொடி இறாலையும் தின்று தின்றுதான் ரோஸ் ஆகிறது. உப்பளத்தில் தண்ணீர் சுண்டி உப்பு இறுகப்போகிற நேரத்தில் பாத்தி சிவந்து தெரிவதும் இதே மாதிரிப் பாசி, நுண்ணுயிர்களின் வேலைதான். ஆக, ரோஸ் என்பது எங்கள் ஊர் நிறம். உப்பு வாருகிற ஆண்கள் முழங்கால் வரை அதில்தான் நிற்கிறார்கள். பூநாரையில் ஆண், பெண் இரண்டும் ஒரே நிறம். யாரும் எதையும் லிஃப்டுக்குப் பின்னால் அனுப்புவதில்லை.

“அது கேர்ள்ஸ் தம்பி” என்றாள் விற்பனைப் பெண். “ஊருல சிரிப்பாங்கடா” என்றாள் அக்கா.

சிரிப்பார்களாம்! இதே அக்கா, இதே பையனுக்கு முதல் மொட்டைக்கு முன்னால் பாவாடை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, மல்லிகை சுற்றி, சடை தெரிகிற மாதிரி கண்ணாடி முன்னால் நிறுத்தி ஸ்டுடியோவில் படம் எடுத்து மாட்டியிருக்கிறாள். உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ சித்தப்பாவோ அந்தக் கோலத்தில் சுவரில் இருப்பார். அவர்கள் வாழ்நாளில் நன்றாக உடுத்திய நாள் அது ஒன்றுதான். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் அப்படி ஒரு படம் உண்டு, 1884இல் எடுத்தது. இரண்டரை வயது, வெள்ளைப் பாவாடை, தோள்வரை முடி. அந்த நாட்டில் அன்றைக்கு ஆறேழு வயது வரை பையன்களுக்கு அதுதான் உடுப்பு. நிறத்துக்கு வந்தால் இன்னும் வேடிக்கை. 1918இல் அமெரிக்காவின் துணி வியாபாரப் பத்திரிகை ஒன்று, ரோஸ் அழுத்தமான நிறம், அது பையன்களுக்கு; நீலம் மென்மையானது, அது பெண்களுக்கு என்று கடைக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தது. நடுவில் யாரோ அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். திண்டிவனம் வரைக்கும் அது அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் கடையில் நின்று சொன்னேன். அக்கா மகள் என் கையைப் பிடித்து இழுத்து, “மாமா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

எங்கள் காலத்திலும் பையன்களுக்கு ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு தான் துணி வரும். அப்பா, சித்தப்பா, நாங்கள் எல்லோருக்கும் அதிலேயே சட்டை. மிச்சம் தலையணை உறை. வளர்கிற பிள்ளை என்று தையல்காரர் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துத் தைப்பார். வளர்ந்து முடிப்பதற்குள் சட்டை கிழிந்துவிடும். ஆனால் அதற்குத் தேர்வு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இங்கே நூறு சட்டையைக் கலைத்துப் போட்டு, “எவ்ளோ வெரைட்டி பாருங்க சார்” என்கிறார்கள். நூறும் ஒரே சட்டை, எண் மட்டும் வேறு.

இன்னும் பின்னால், சங்க காலத்துக்குப் போனால், சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பட்டினம் இருந்த நாட்டுக்கு அரசன் நல்லியக்கோடன். வந்த பாணர்களுக்கு நல்ல மெல்லிய துணியாகப் பார்த்து உடுத்தக் கொடுத்தவன். பாடிய புலவர் நத்தத்தனார் அதைப் பாட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். பாணர் நெஞ்சில் என்ன எழுதியிருந்தது என்று எழுதவில்லை. எழுதியிருக்காது.

கடைசியில் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியும் சந்தன நிறச் சட்டையும் எடுத்தோம். நீங்களும் அதைத்தான் எடுத்திருப்பீர்கள். பையன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அக்காவின் பைக்குள் கையை விட்டு ஒட்டுவதும் பிரிப்பதுமாக ‘சர் சர்’ என்று வந்தான். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்.

காதுகுத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆகவே, நான் சொன்ன அந்தச் சுலபமான வழி இதுதான்: திருப்பூர்க்காரர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் உங்கள் கைவழியாகத்தான் போகிறது. புரூக்ளின்காரர்களுக்கே நீங்கள்தான் சட்டை தைக்கிறீர்கள். போகிற போக்கில் எங்களுக்கும் ஒன்று தையுங்கள். அளவு 24. ரோஸ் துணி, நெஞ்சில் ஒரு பூநாரை. ஜிப்பு வேண்டாம், பொத்தான் போதும். எழுத்து வேண்டவே வேண்டாம். அச்சடிக்காமல் கை நிற்காது என்றால், பின்பக்கம் சின்னதாக ‘மாமா எடுத்தது’ என்று போட்டுக்கொள்ளுங்கள்.