தலை எண்ணுதல்: திருச்சி–ஸ்ரீரங்கம் பள்ளிச் சுற்றுலாக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பள்ளிச் சுற்றுலா என்பது வரலாற்றையும் பண்பாட்டையும் நேரில் கண்டு பயிலும் முயற்சி என்று தலைமையாசிரியரின் சுற்றறிக்கை கூறும். இது மேலோட்டமான கருத்து. விடியற்காலையில் வண்டி கிளம்புவது முதல், இரவு பள்ளி வாசலில் அப்பாமார் பைக்கை நிறுத்திக் காத்திருப்பது வரை, இடையறாது நடைபெறும் ஒரே அறிவுச் செயல் தலை எண்ணுதல்தான். கோட்டை, கோயில், அணைக்கட்டு ஆகியவை ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்த எண்ணிக்கைக்கும் நடுவில் விடப்படும் இடைவேளைகள். இவ்வளவு பெரிய துறை ஆய்வாளர் கண்ணில் இதுவரை படாதது அவர்களில் பலர் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் என்பதையே காட்டுகிறது.

களமாகத் திருச்சியை எடுத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. தப்பாக எண்ணுவதைத் தமிழில் அழியாப் பொருளாக்கியவர் இந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கிய வீரமாமுனிவர்தாம் பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் நமக்குக் கொடுத்தார். ஆற்றைத் தாண்டிக் கரையேறியதும், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒரு தலை குறைகிறது. ஆறு ஆளை விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி. இதைக் கேலிக்கதை என்று பாடம் நடத்துகிறார்கள். ஒரு தடவையாவது பிள்ளைகளை முக்கொம்பிலிருந்து வண்டியில் ஏற்றிய ஆசிரியர் அப்படி நடத்த மாட்டார். அவருக்கு அது அனுபவக் குறிப்பு.

ஐரோப்பாவில் இந்தத் துறை வளராமல் போனதற்கும் விளக்கம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் பாரிஸ், ரோம் என்று ஊர் பார்க்கப் புறப்பட்டால், கூடவே ஒரு வாத்தியார் போவார். 1764இல் ஆடம் ஸ்மித், கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு ஓர் இளம் டியூக்கைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். துலூஸ் நகரத்தில் பொழுது போகாமல் ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்துவிட்டதாக நண்பருக்குக் கடிதம் போட்டார். போகாதுதானே! எண்ண வேண்டியது ஒரு தலை. எப்படி எண்ணினாலும் ஒன்றுதான் வரும். மிச்ச நேரத்தில் பொருளாதாரம் எழுதலாம், வேறெதுவும் எழுதலாம். ஐம்பத்திரண்டு பேரோடு சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் சாலையைக் கடக்கும் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு ஆசிரியரிடம் நூல் ஏதும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இனி முறைகள். மூத்தது தொட்டு எண்ணல். வண்டியின் நடுவழியில் பி.டி. சார் நடந்துகொண்டே இரண்டு பக்கமும் மண்டையைத் தட்டிக்கொண்டு போவது. இருபத்தெட்டு வரை ஒழுங்காகப் போகும். அப்போது பின் சீட்டிலிருந்து ஒருவன், "சார், இவன் வாந்தி எடுக்கப் போறான்" என்பான். எலுமிச்சம்பழமும் பாலிதீன் கவரும் கைமாறி முடிந்தபின் இருபத்தெட்டா முப்பத்தெட்டா என்பது யாருக்கும் நினைவிராது. அடுத்தது வரிசை எண்ணைக் கூப்பிடுவது. இதில் ஒருவனுக்காக இன்னொருவன் "உள்ளேன் ஐயா" சொல்லும் நற்பண்பு நெடுங்காலமாகப் பேணப்பட்டு வருவதால் எண்ணிக்கை எப்போதும் முழுமையாக இருக்கும். பிள்ளைகள்தான் இருக்க மாட்டார்கள். நவீனமானது ஜோடி முறை. இருவர் இருவராகக் கைகோத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவன் காணாமல் போனால் மற்றவன் சொல்ல வேண்டும். அறிவியல்பூர்வமானதுதான். ஆனால் ஜோடி என்று சேர்த்துவிட்ட இருவர் காணாமல் போவதும் ஜோடியாகத்தான். சொல்வதற்கு அங்கே எவன் மிச்சம்?

திருச்சியில் எந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகாது என்பதே நம் கருதுகோள்; மலைக்கோட்டையில் அதற்கு முதல் சான்று கிடைக்கிறது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். பாறையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். படி எத்தனை? 417 என்பார் ஒரு சாரார். 437 என்பார் மற்றொரு சாரார். கீழேயிருந்து எண்ணிக்கொண்டே ஏறிய மூன்று பையன்கள் மேலே மூன்று விடைகளோடு வந்து சேர்ந்து, வாசற்படி கணக்கில் உண்டா இல்லையா என்று சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஓரடி நகராமல் கிடக்கும் கருங்கல் படியையே ஊர் ஒருமித்து எண்ண முடியாதபோது, ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை எண்ணச் சொல்லி ஒரு பி.டி. சாரை வதைப்பது என்ன நீதி?

உச்சிக்குப் போகிற வழியில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது; கங்கையைச் சடையில் ஏந்தும் சிவனின் புடைப்புச் சிற்பம், பல்லவக் கலையின் உச்சங்களுள் ஒன்று. சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. அந்த இடத்தில்தான் எல்லோருக்கும் மூச்சு வாங்கும், தண்ணீர் பாட்டிலும் காலியாகும். 'மத்தவிலாசம்' என்ற அங்கத நாடகத்தை எழுதிய மன்னன் அவன். இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டான்.

ஸ்ரீரங்கம் இத்துறையின் தலைநகர். 156 ஏக்கர், ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள். ஒரு மதிலுக்கு ஒரு தடவை எண்ணுவது மரபு. தெற்கே ராஜகோபுரத்தின் அடியில் எடுக்கும் எண்ணிக்கைதான் நாளிலேயே நம்பத்தக்கது. 236 அடி, பதின்மூன்று நிலை. காலங்காலமாக முடிவுறாமல் நின்று 'மொட்டைக் கோபுரம்' என்று பெயர் வாங்கி, 1987இல்தான் முழுமை பெற்றது. பிள்ளைகள் அத்தனை பேரும் கழுத்தை வளைத்து, வாயைத் திறந்து, நிலைகளை எண்ணிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். அவர்கள் கோபுரத்தை எண்ண, சார் அவர்களை எண்ணிவிட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தைத் தவறவிட்டால் போச்சு; அப்புறம் ரங்கா ரங்கா கோபுரம் வரை இருபுறமும் கடைகள். வளையல், பித்தளைச் சாமான், ரப்பர் பாம்பு, கூலிங் கிளாஸ். கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிய பையனை அடையாளம் தெரியாமல் மறுபடி ஒரு தடவை எண்ணிவிடுவதும் நேர்வதுண்டு.

உள்ளே ஆயிரங்கால் மண்டபம். இங்கேதான் நம் ஆய்வின் மையச் சான்று நிற்கிறது. நிற்பது ஆயிரம் அல்ல, 953. மீதி நாற்பத்தேழை வைகுண்ட ஏகாதசித் திருவிழாவின்போது தற்காலிகமாகக் கால் நட்டு நிறைவு செய்வார்கள் என்று சொல்வது வழக்கம். எவ்வளவு விவேகமான ஏற்பாடு! குறைகிறதே என்று கோயில் பதறவில்லை, பெயரை மாற்றவில்லை. திருநாளில் கணக்கு சரியாக இருந்தால் போதும். வருகைப் பதிவேடு வைத்திருக்கிற எவரும் ஒரு தடவை இந்த மண்டபத்தின் முன் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம்.

நேர்மை கருதி, நம் கோட்பாட்டுக்கு எதிரான சான்றையும் பதிவு செய்தாக வேண்டும். தாயார் சந்நிதிப் பக்கம் 'ஐந்து குழி மூன்று வாசல்' என்று ஓர் இடம் இருக்கிறது. தரைக் கல்லில் விரல் வைக்கும் அளவுக்கு ஐந்து குழிகள். தாயார் ஐந்து விரல்களையும் அவற்றில் பதித்து வாசல் வழியே பார்ப்பதாக ஐதிகம். பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து குழியில் விரலை விடுவார்கள். கட்டைவிரல் எட்டினால் சுண்டுவிரல் எட்டாது. "மிஸ், என் கை பத்தல மிஸ்" என்று ஒருத்தி சிணுங்குவாள். எத்தனை முறை எண்ணினாலும் குழி ஐந்துதான். திருச்சியில் எண்ணிக்கை இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போவது விதிவிலக்கே.

முக்கொம்பைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காவிரியிலிருந்து கொள்ளிடம் இங்கே பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு என்பதால் தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்து தஞ்சை வயல்கள் காய்ந்தன; 1836இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டத் தொடங்கி அதைச் சீர்படுத்தினார். புளியோதரையும் தயிர்ச்சாதமும் தீர்ந்தபின் ஊஞ்சல் இருக்கும் பக்கமே சாய்ந்து ஓடும் பிள்ளைகளுக்கு அணை கட்ட எந்தப் பொறியாளரும் முன்வரவில்லை. விசில்தான்.

கடைசியாக ஒரு நுட்பம். ஒரு தலை குறைந்தால் வழி உண்டு: ஒலிபெருக்கி, காவல் உதவி மையம், ஐஸ் வண்டிக்காரர். கூடிவிட்டால் வழியே இல்லை. சாயங்காலம் வண்டியில் ஐம்பத்து மூன்று வருகிறது. மறுபடி எண்ணினாலும் ஐம்பத்து மூன்று. எல்லோரும் சீருடை, எல்லோர் கையிலும் ரப்பர் பாம்பு. கடைசியில் ஜன்னலோரம் ஒருவனைப் பிடித்து "எந்த ஸ்கூல்டா நீ?" என்றால், அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொல்வான்: "எங்க பஸ்ஸு பின்னாடி நிக்குது சார். அதுல வீடியோ ரிப்பேரு."