டர்பன்டைன் மரத்தின் பிரஜாவுரிமை

நான் சிறுவனாக இருந்தபோது நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளைக்கு அடுத்த மரியாதை டர்பன்டைன் மரத்துக்குத்தான். யூகலிப்டஸ் என்று அதைப் பெரிய துரை மட்டும் சொல்வார். கோப்பி இலைநோயில் அழிந்து மலைக்கு மலை தேயிலை ஏறியதும், ஸ்டோரில் கொழுந்து காயவைக்க விறகு வேண்டியிருந்தது. சீக்கிரம் வளரும் மரமென்று இந்த அவுஸ்திரேலியாக்காரனைக் கொண்டுவந்து நட்டார்கள். ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையும் அதில் அறுத்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் சதுப்பாகக் கிடந்த பள்ளத்திலும் நட்டார்கள், தண்ணீரை உறிஞ்சட்டும் என்று. உறிஞ்சியது. தோட்டத்தில் சொன்ன வேலையை முழுதாகச் செய்து முடித்து, அதற்காகவே திட்டு வாங்குவது அந்த மரம் ஒன்றுதான். இன்று மாசி பிறந்தால் பீலியில் தண்ணீர் நூலாக வடிகிறது, பழி மரத்தின்மேல். மழை பொய்த்ததற்கும் ஓட்டைக் குழாய்க்கும் அதில் பங்குண்டு. ஆனால் மரம் யூனியனுக்குப் போகாதே.

காய்ச்சல் கண்டால் அப்பாயி அதன் தழையைக் கொதிக்கவைத்து வேது பிடிக்கச் சொல்வார். அந்தத் தழையைப் பொறுக்கவும் வாச்சர் அசந்த நேரம் பார்க்க வேண்டும். சுள்ளி ஒடித்தவள் கள்ளி என்று பேர் வாங்கினாள். 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்ததும், சுள்ளி அடுப்பைப் பார்த்து முகம் சுளித்த டவுன் சொந்தங்கள் எல்லாம் “விறகு கெடைக்குமா?” என்று போன் போட்டார்கள்.

மரமும் கடல் தாண்டி வந்ததுதான், அப்பாயியின் மாமனாரும் கடல் தாண்டி வந்தவர்தான். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பத்திரம் கேட்டது மனிதரிடம் மட்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டார்கள். குழி வெட்டி மரம் நட்ட எங்கள் லயத்துக்காரர்கள் சிலர் மண்டபம் முகாமில் இறங்கி, நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இதே மரம் அவர்களுக்கு முன்பே வந்து வேரூன்றி நின்றது. கடிதத்தில் அதை எழுதியிருந்தார்கள். அப்பாயி ரொம்ப நேரம் சிரித்தார்.

இப்போது பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் நடுவே ரயில் வாசலில் தொங்கியபடி, இந்த வரிசை மரங்களை ஆதிகாலத்துக் காடு என்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம் பிடிக்கிறார்கள். வரிசையாக முளைத்த ஆதிகாலக் காடு!

1992இல் தோட்டங்கள் கம்பெனி நிர்வாகத்துக்குப் போன பிறகு மரத்துக்கு விலையும் ஏறிவிட்டது. மாமாவின் லயத்துக் கூரைமேல் ஒன்று சாய்ந்து நிற்கிறது. காற்றுக்காலம் வருவதற்குள் வெட்டுங்கள் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தார். அனுமதி வர வேண்டுமாம். அந்த வாரமே ரோட்டோரத்தில் நிமிர்ந்து நின்ற மரங்கள் லொறி ஏறின.

“அதுக்கு மட்டும் எப்படி மாமா அனுமதி வந்துச்சு?”

“நம்ம மரத்துக்கிட்ட லொறி வராதுப்பா.”