தியானத்துக்குப் போயிட்டு வந்த பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, தியானத்துக்குப் போயிட்டு வந்ததிலருந்து உன் முகத்துல ஒரு வெளிச்சம்னு உங்க ஆத்தா சொல்றா. செபம் பார்வையையே மாத்திருச்சுன்னு நீயும் தெருவெல்லாம் சொல்லித் திரியிற. மாத்தட்டும். எந்தப் பக்கமா மாத்துச்சுன்னுதான் கேக்கேன்.

நான் சின்னப் பயலா இருக்கையில பூசை லத்தீன்ல. சாமியார் பீடத்தைப் பாத்து நிப்பாரு, முதுகு நமக்கு. அவரு என்னமோ சொல்லுவாரு, நாங்களும் என்னமோ சொல்லுவோம். சண்டை சச்சரவே கெடையாது. 1962லருந்து 65 வரைக்கும் ரோமாபுரியில ஆயருங்க கூடிப் பேசினாங்கள்ல, அதுக்குப் பெறகு பூசை தமிழுக்கு வந்துச்சு. வில்லங்கமும் கூடவே வந்துச்சு. எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைகன்னு காது கேக்கத் தமிழ்ல சொல்லிட்டா, அந்தத் தகப்பன் வீட்டுல நம்ம பாயி மட்டும் ஏன் கடைசியில கெடக்குன்னு யாராவது கேக்கத்தானே செய்வாக?

கேட்டது நம்ம வ. புதுப்பட்டிப் பொம்பளப்பிள்ளதான். 1992ல ‘கருக்கு’ எழுதின பாமா. நீ காலேஜில பரீட்சைக்குப் படிச்சிருப்ப, பேனாவை மூடும்போதே மறந்திருப்ப. அந்தப் பிள்ளைக்கும் சின்ன வயசுல கோயில்னா உசுரு. ஆனா தெருவையும் பாத்துச்சு. நம்மாளு ஒரு பெரியவரு, வடைப் பொட்டலத்தை நூலைப் பிடிச்சுத் தொங்கவிட்டுக் கொண்டுபோறாரு. திங்கப்போறவரு மேச்சாதி, கை பட்டுறக் கூடாது. பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கல. இதுல சிரிக்க ஒண்ணுமில்லன்னு வீட்டுல அண்ணன்தான் வெளக்கினாரு.

பெறகு டீச்சர் வேலை பாத்துட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு ஒழைக்கணும்னு கன்னியாஸ்திரி மடத்துல சேந்துச்சு. அங்க ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்ததுக்குப் பெறகுதான் வேளாவேளைக்கு வகைவகையாச் சாப்பாடு! நம்ம தெருவுல ஒருத்தரும் வார்த்தைப்பாடு குடுக்காமலே ஏழ்மையை எம்புட்டு ஒழுங்கா அனுசரிச்சோம்னு நெனச்சா எனக்குப் பெருமையாத்தான் இருக்கு. மடத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைக. கீழ்ப்படிதலும் தாழ்ச்சியும் மட்டும் நமக்கு ஒதுக்கின பாடம். சேசு அப்படி அடங்கிப் போனவரு இல்லையே, மிதிபட்டவன் பக்கமில்ல நின்னாருன்னு அதுக்குப் புரிஞ்சுபோச்சு. மடத்தை விட்டு வெளிய வந்துருச்சு.

பொஸ்தகம் வந்ததும் ஊரு மாலை போட்டுச்சுன்னு நெனைக்காத. நம்ம சங்கதியை அம்பலத்துல வச்சுட்டாளேன்னு மாசக்கணக்குல ஊருக்குள்ளயே விடல. ஒவ்வொரு பூசையிலயும் சமாதானம் சொல்லிக் கும்பிடு போடுற அதே ஆளுகதான்! இங்கிலீசுக்குப் போயி க்ராஸ்வேர்ட் பரிசு வாங்கவும், ‘எங்கூருப் பிள்ள’ன்னு எல்லாரும் சொந்தம் கொண்டாடுறோம். நானுந்தான்.

அவுக அண்ணன் ராஜ் கௌதமன் இன்னும் பெரிய கிசும்புக்காரரா இருந்தாரு. 1950ல பொறந்தவரு. இந்துவா இல்லாதவன் பட்டியல் சாதியில சேர மாட்டான்னு டெல்லியில ஆணை வந்ததும் அதே வருசந்தான். சீக்கியருக்கு 1956ல கதவு தொறந்துச்சு, பௌத்தருக்கு 1990ல. நாம இன்னும் தட்டிக்கிட்டே நிக்கோம். அவரு 2002ல எழுதின ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவல்ல, அம்புட்டுப் படிச்ச சிலுவைராஜ் வேலைக்கு அலையோ அலைன்னு அலைஞ்சு, கடைசியில இந்துவா மாறுவான். ஞானஸ்நானத்துல சென்மப் பாவம் போயிருது, சாதி போக மாட்டேங்குது. இது டீக்கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, சர்க்காருக்குத்தான் தெரியல.

அதுக்காக நீ செபத்தை விட்றாத. நானும் விடல. செபமாலையை உருட்டாம எனக்குத் தூக்கம் வராது. உங்க பாட்டி உருட்டும்போதே தூங்கிருவா, நடவுக்குப் போயிட்டு வந்த இடுப்பு.

தவக்காலத்துல சிலுவைப்பாதை பதினாலு தலத்துக்கும் மொழங்கால் போடுற, போடு. அஞ்சாந் தலத்துல மட்டும் செத்த நின்னு பாரு. காட்டுலருந்து வந்துக்கிட்டிருந்த சீமோனைப் பிடிச்சு இழுத்துச் சிலுவையைத் தூக்க வச்சாங்க. அவனைக் கேக்கவுமில்ல, கூலி பேசவுமில்ல. படத்துக்குக் கீழ ‘உதவி செஞ்சாரு’ன்னு போட்டிருக்கும். நம்ம தாத்தனும் பண்ணையில அப்படித்தான் காலம் பூராம் ‘உதவி’ செஞ்சாரு.

போன தவக்காலத்துல நீ ஏழாந் தலத்துல போயி நின்னுக்கிட்டு, “தாத்தாவுக்கு மொழங்கால் புடிச்சுக்கிச்சு, எந்திரிக்க முடியல”ன்னு எல்லாருக்கும் கேக்கச் சொன்ன பாரு. மொழங்காலுக்கு ஒண்ணும் இல்லடா. நான் சீமோன்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன்.