கைப்பேசிப் பெயரேட்டில் பாடபேதமும் ஆகுபெயரும்

பெயரேடு என்பது ஒருவர் தமக்கு வேண்டியவர்களின் பெயரையும் எண்ணையும் சேர்த்துவைக்கும் பட்டியல் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சிம் அட்டையிலும் கைப்பேசியின் நினைவகத்திலும் கூகுள் கணக்கிலும், எப்போதோ கைவிட்ட ஐபோனின் ஐகிளவுடிலுமாகச் சிதறிக் கிடக்கும் இன்றைய ஏட்டை நோக்கினால், அது ஒரே நூலின் நான்கு சுவடிகள் என்பதும், அவற்றுள் எது மூலம், எது பாடபேதம் என்று துணிய உ.வே.சாமிநாதையரே வந்தாலும் திணறுவார் என்பதும் விளங்கும்.

பாடபேதம் எண்ணிலேயே தொடங்குகிறது. நாட்டுக் குறியீடு உட்பட 15 இலக்கங்களுக்கு மிகாமல் எண்ணை எழுதுவது இ.164 எனப்படும் பன்னாட்டு முறை. இதன்படி நம் எண்கள் +91 என்று தொடங்க வேண்டுமாயினும், வெறும் பத்து இலக்கமாகவும் முன்னே சுழியம் பெற்றும் அதே எண் வேறு சுவடிகளில் காணப்படுகிறது. பழைய சிம் அட்டையோ ஒரு பெயருக்கு ஓர் எண்ணையே ஏற்றதால், இரண்டு எண் வைத்திருந்த சித்தப்பா ‘சித்தப்பா’, ‘சித்தப்பா 2’ என இரு பதிவுகளாகப் பிரிந்து அப்படியே கணக்கிலும் ஏறினார். பின்னவர் இளைய சித்தப்பாவா, இளைய எண்ணா என்பது அந்தந்தக் குடும்பத்தார்க்கே வெளிச்சம்.

பெயரின் நிலை இதனினும் சிக்கலானது. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்களைக் கொண்டுசெல்லும் கோப்பு வடிவம் விகார்டு எனப்படும். 1995இல் ஆப்பிள், ஐபிஎம், ஏடி அண்டு டி, சீமென்ஸ் ஆகியவை கூடி வகுத்த இவ்வடிவம், எவர்க்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்று நம்பியது. தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் தமிழரை அது எண்ணிப் பார்க்கவில்லை. 2011இல் வந்த நான்காம் பதிப்பு, முழுப்பெயர் ஒன்றே போதும், அதைக் கூறுபோடுவது கட்டாயமன்று என்று இறங்கிவந்தாலும், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் பழக்கத்தைச் செயலிகள் விடவில்லை. அதனால் முருகன் பிளம்பர், செல்வம் பிளம்பர், பாஷா பிளம்பர் ஆகிய மூவரும் சாதி மத வேற்றுமை கடந்து பிளம்பர் என்னும் ஒரே குலத்தில் பிறந்தவராயினர்.

ஆகுபெயர் என்பது ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவது. நன்னூலார் சொன்ன வகைகளில் பலவற்றுக்குப் பெயரேட்டிலேயே சான்று உண்டு. சிலிண்டர் கொண்டுவருபவர் ‘கேஸ்’ என்று பதியப்படுவது பொருளாகுபெயர். ‘தேனாம்பேட்டை’ என்றால் அங்கிருக்கும் அத்தை. ‘டியூஷன்’ என்றால் ஆசிரியை. பல் மருத்துவரைப் ‘பல்’ என்று மட்டும் பதிந்தவர், இலக்கணத்தைச் சற்றே வளைத்தாலும், சினையாகுபெயரை வாழவைத்தவர். ‘எடுக்காதே’ என்பது எவ்வகையிலும் அடங்காத முன்னிலை எதிர்மறை ஏவல் வினைமுற்று. ஆக, ஏட்டிலுள்ள பெயர் அழைக்கப்படுபவரைவிட அதைப் பதிந்தவரையே மிகுதியாகக் காட்டுகிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

இத்துணிபை அறியாமையே இயந்திரத்தின் பெருங்குறை. இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது. இரட்டைப் பதிவோ சேர்த்தால் பொருள் கெடும். தந்தைக்குப் புதிய கைப்பேசி வாங்கித் தரும் மகன், அவர்க்கெனக் கணக்குத் தொடங்கச் சோம்பித் தன் கணக்கையே அதில் ஏற்றிவிடுவது இல்லங்களில் பெருவழக்கு. அதன்பின் தந்தை பதிவதெல்லாம் மகனின் ஏட்டிலும் தோன்றுவதால், அங்கே ‘அம்மா’ என்று இருவர் இருப்பர்: ஒருவர் மகனைப் பெற்றவர், மற்றவர் தந்தையைப் பெற்றவர். பெயர் ஒன்றாயிருக்கக் கண்ட செயலி இருவரையும் இணைத்துவிடலாமா என்று பணிவோடு வினவ, மகனும் படித்துப் பாராமல் இசைவு தர, முப்பது ஆண்டுகளாக உறவினர் எவராலும் ஒன்றுசேர்க்க முடியாத மாமியாரும் மருமகளும் ஒரே நொடியில் ஒருவராகிவிடுகின்றனர்.

கூகுள் கணக்கில் இத்தகைய மாற்றத்தை 30 நாளுக்குள் பின்வாங்கிக்கொள்ள வழியுண்டு. எனினும் ‘அம்மா’வை அழைத்து, “ராத்திரிக்கு என்ன குழம்பு?” என்று தந்தை கேட்கும்வரை பிழை வெளிப்படுவதில்லை. எடுத்தவர் மனைவியாயின், தன்னிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் ஏன் கேட்கிறார் என்னும் கிளைவினா எழுகிறது.