மேசிவ் பாய்ஸ்

ஊரடங்குக் காலத்தில் எல்லா வாத்தியார்களையும் போல நானும் யூடியூபில் பாடம் போட்டேன். முதல் பாடம் பாஸிவ் வாய்ஸ். தானாக ஓடும் சப்டைட்டில் என் உச்சரிப்பைக் கேட்டு, அந்தச் சொல் வந்த இடமெல்லாம் ‘மேசிவ் பாய்ஸ்’ என்று எழுதிவைத்தது. பத்தாம் வகுப்பில் இன்றைக்கும் அந்தப் பாடத்துக்கு அதுதான் பெயர்.

எனக்கும் கருவிகளுக்கும் ராசி இல்லை. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாகி வந்தபோது, புத்தகத்துக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். “சார், கேமரா உங்க மூஞ்சியப் பாக்குது” என்றாள் ஒரு சிறுமி.

சினிமா பார்த்தால் இங்கிலீஷ் வராது, ரென் அண்ட் மார்ட்டின் படி என்பது என் நெடுநாள் உபதேசம். 1935இல் வந்த அந்த இலக்கணத்தை எழுதிய பி.சி. ரென், ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலையும் எழுதியவர், அது 1926லேயே ஹாலிவுட் படமாகிவிட்டது என்று ஒருவன் போனில் தேடி வாசித்துக் காட்டினான். வகுப்புக்குப் போன் கொண்டுவந்ததற்காக அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். வேறு பதில் தோன்றவில்லை.

இதெல்லாம் சில்லறை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தெருவிளக்கு கேட்டு கமிஷனருக்கு எழுதும் வீட்டுப்பாடக் கடிதங்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரத் தொடங்கின. திருட்டைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு கர்வம். மிக நன்றாக இருந்த கடிதத்தை எடுத்து, எழுதிய பெண்ணை எழுப்பி நிறுத்தினேன்.

“நானே எழுதினது சார்.”

“அப்ப இங்கயே உக்காந்து இன்னொண்ணு எழுது.”

எழுதினாள். தலைமை ஆசிரியருக்குப் புகார்க் கடிதம். பொருள்: ஆதாரமில்லாமல் சந்தேகப்படும் ஆங்கில ஆசிரியர். அனுப்புநர், பெறுநர், தேதி, எல்லாம் அதனதன் இடத்தில். முழு மதிப்பெண் போட்டேன். ஹெச்.எம். மேசைக்கு அது போய்விடக் கூடாதே என்ற கவலையும் அதில் கொஞ்சம் உண்டு.

எங்கே கற்றாள்? கொரியத் தொடர்களில், இங்கிலீஷ் சப்டைட்டில் வழியாக. “தமிழ்ல டப் பண்ற வரைக்கும் யார் சார் காத்திருப்பா?” யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும், அதற்காக வாசித்திருக்கிறாள். அந்த அவசரத்தை என் பாடம் எதுவும் எந்தப் பிள்ளைக்கும் தந்ததில்லை. பரீட்சையில் மட்டும் வாக்கியத்தைப் புரட்டிப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

நானும் ஒரு தொடர் பார்த்தேன். ஒரு வரியில் ஆர்ட்டிகிள் விட்டுப்போயிருப்பதைக் கவனிப்பதற்குள் கதாநாயகன் செத்துவிட்டான்.