கிட்டப்பா

சனிக்கிழமை மதியம் ஜூரோங்கில் ரயில் ஏறினால் இவரிடமிருந்து தப்ப முடியாது. முன்னால் கைவீசி நடப்பது பையன். பின்னால், பையனைவிட நீளமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவோரம் நிற்பவர்களை எல்லாம் இடித்து, எல்லாரிடமும் "சாரி, சாரி" சொல்லிக்கொண்டு வருவது அப்பா. ஆள் வங்கியில் வேலை பார்க்கலாம், கப்பல் பட்டறையில் வேலை பார்க்கலாம். பை மட்டும் மாறாது. ஹாக்கி 'கிட்' சுமக்கும் இவருக்கு எங்கள் புளோக்கில் பெயர் கிட்டப்பா.

கிட்டப்பா ஹாக்கி ஆட்டத்தைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. பேச்செல்லாம் சாமான்களைப் பற்றித்தான். ஸ்டிக் 105 சென்டிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது, 737 கிராமுக்கு மேல் கனக்கக்கூடாது, 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைந்து வரவேண்டும். லிஃப்ட் பத்தாவது மாடிக்குப் போவதற்குள் இவ்வளவும் சொல்லிவிடுவார். 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் ஹாக்கி அணி ஆடியதே என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். "அப்ப எல்லாம் மர ஸ்டிக்குண்ணே, எண்ணெய் தடவி வைக்கணும்" என்றார்.

"நேத்து மேட்ச் எப்படி?"

"ஷூ காயவே இல்லண்ணே."

அங்கேதான் என் பாடு தொடங்குகிறது. பந்து சீராக ஓட வேண்டும், விழுந்த பிள்ளைக்குத் தோல் உரியக்கூடாது என்று செயற்கைப் புல்தரையில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். செங்காங் அரங்கிலிருந்து ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி ஜூரோங் வந்து சேர்வதற்குள் அந்த ஈரம் பைக்குள்ளேயே புழுங்கிப் பழுத்துவிடும். வீட்டுக்குள் விரித்தால் கிட்டம்மா விரட்டுவார். ஆகவே தாழ்வாரம். தாழ்வாரத்தில் காலை வெயில் விழும் இடம், என் வாசல்.

ஞாயிறு காலை கதவைத் திறந்தால் என் செம்பருத்திச் செடியில் இரண்டு காலுறைகள். ஜன்னல் விளிம்பில், காயா ஜாம் பாட்டிலுக்குள், பல்லுக்கு மாட்டும் மௌத்கார்ட் தண்ணீரில் மிதந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஷூவுக்குள் திணிக்க என் தமிழ் முரசுதான் வேண்டும், அதுவும் நான் படித்து முடிப்பதற்கு முன்னால். நாற்றமே இல்லாத ஸ்டிக் மட்டும் வீட்டுக்குள், ஃபேனுக்கு அடியில். "கார்பன்ணே, சூடு ஆகாது."

அடுத்தது மோந்து பார்க்கும் சடங்கு. ஷின் கார்டின் உள்பக்க நுரையைக் கண்ணை மூடிக்கொண்டு, கைக்குழந்தையின் உச்சியை முகர்வதுபோல முகர்வார். "வினிகர்ல ஊறவச்சேன். இன்னும் லேசா இருக்கு, இல்லையா?" என்று அதை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். லேசாகவா? எதிர் புளோக்கில் கேட்டாலும் சொல்வார்கள்.

தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அதை வைத்து மடக்கப் பார்த்தேன். உள்ளே போய் ஸ்டிக்கை எடுத்து வந்து தரையில் கிடத்தினார்: 91 சென்டிமீட்டர். அதன் நுனியில் ஒரு ஷின் கார்டை வைத்தார்: 29. "கரெக்டா 1.2 இருக்குண்ணே. சட்டத்தை மீறுற ஆள் இல்ல நான்."

மனிதர் கோவில்பட்டிக்காரர். ஹாக்கிக்குப் பேர்போன அந்த ஊரில் இவருக்கு மட்டும் ஸ்டிக் வாங்கித் தர ஆளில்லை. வேலிக்கருவைக் கம்பை வளைத்து, முறிகிற வரை ஆடுவாராம். இதை ஒரே ஒருமுறை, மழைக்காலத்தில், நைட் ஷிப்ட் முடித்த கையோடு தூங்கக்கூடப் போகாமல் ஷூவுக்குள் ஹேர் டிரையர் பிடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அன்று முரசை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனால் பையன் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. இங்கே பள்ளிகளில் பிள்ளைகளே தினமும் வகுப்பறையைத் துப்புரவு செய்கிறார்கள். அங்கே துடைப்பம் பிடிக்கிறவனுக்கு வீட்டில் தன் காலுறையைக் கழற்றிப் போடக்கூடத் தெரியாது. காலை நீட்டுவான், அப்பா உருவுவார். ஆடுகிறவன் அவன், வியர்வை அவனுடையது, துவைப்பதும் அவனாக இருக்கட்டுமே என்றேன். "பிஎஸ்எல்இ பரீட்சை வருதுண்ணே." படிக்கிற பிள்ளையின் விரலுக்கும் கைப்பேசிக்கும் அந்தத் தேர்வு தடையாக இருந்ததாகத் தெரியவில்லை. பையை அவன் தோளில் மாட்டிவிடுங்கள் ஐயா, ஒரு சனிக்கிழமையாவது.

இப்போது பையனை கோல்கீப்பர் ஆக்கப்போகிறார்களாம். காலில் கட்டும் கார்டு ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் அகலம்வரை இருக்கலாமாம். அது இரண்டு, ஹெல்மெட், மார்புக் கவசம், கைக்கு இரண்டு, பாதத்துக்கு இரண்டு. கண் மின்ன, விரல் விட்டு எண்ணினார். பார்வை மட்டும் என் வாசலில்.

வீட்டு ஏஜெண்டிடம் பேசிவிட்டேன். வெயிலே படாத வாசலாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.